சென்னையிலிருந்து கோவைக்கா, மதுரைக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை நான் பிறந்த ஊர். சென்னையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது குடும்பத்தோடு கோவையில் இருக்கிறேன். அதனால் சென்னையைக் காலி செய்ய நினைக்கிற உறவுக்காரர்களும் பழைய அலுவலக நண்பர்களும் என்னைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

கோவையா, மதுரையா? ஒரே வரியில சொல்லுங்களேன்.

வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்க வேண்டும், அதில் ஒருவருக்கு இனிமேல்தான் வேலை தேட வேண்டும் என்றால் கோவை. வேலை உங்களோடு கூடவே வருகிறது, சொந்தபந்தம் எல்லாம் திண்டுக்கல்லுக்குத் தெற்கே இருக்கிறது என்றால் மதுரை.

வெயில், தண்ணீர், சாப்பாடு, வாடகை எல்லாம் இதற்கு அப்புறம்தான். ஆனால் என்னிடம் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் வெயிலில்தான் ஆரம்பிக்கிறார்கள். "கோவை குளுகுளுன்னு இருக்கும்" என்று ஊரை முடிவு செய்துவிட்டு, வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த "அப்புறம்" எப்போதும் மனைவியின் வேலையாகத்தான் இருக்கிறது. தயவுசெய்து அதை முதலில் வையுங்கள்.

ரெண்டுமே பெரிய ஊர்தானே, அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

ஆள்கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் இரண்டு மாநகராட்சிகளிலும் 15 லட்சத்தை ஒட்டியே மக்கள்தொகை. இரண்டிலும் 100 வார்டுகள்.

வளர்ந்த விதம்தான் வேறு. கோவை மில்லும் பவுண்டரியும் பம்ப்செட் பட்டறையுமாக வளர்ந்த ஊர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக எழுந்தன. அவினாசி ரோடு, திருச்சி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு என்று சாலைகளைப் பிடித்துக்கொண்டே ஊர் நீண்டது. சரவணம்பட்டியில் இருப்பவர் மாதக்கணக்கில் நடு ஊரான டவுன்ஹால் பக்கம் போகாமலே காலம் தள்ளலாம். மதுரையில் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, மாசி, வெளி என்று வீதிகள் வளையம் வளையமாகப் போகின்றன. துணி, பாத்திரம், மளிகை மொத்த வியாபாரம் எல்லாம் இன்றும் அந்த வளையங்களுக்குள்தான். நீங்கள் எவ்வளவு தள்ளிக் குடியிருந்தாலும் நடு ஊர் உங்களை இழுத்துக்கொண்டே இருக்கும். கூட்டமும் சத்தமும் பிடிக்கும் என்றால் அது ஒரு சுகம்.

வெயில் எங்க கம்மி?

கோவையில். கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதும், மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதும்தான் காரணம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று அந்த இடைவெளி வழியாக உள்ளே வீசும். மொட்டைமாடியில் காயப்போட்ட துணிக்கு கிளிப் போடாவிட்டால் பக்கத்துத் தெருவில்தான் தேட வேண்டும். ஆனால் மார்ச், ஏப்ரலில் கோவையும் நன்றாகவே சுடும். ஏசி வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சென்னை மாதிரி கசகசப்பு இருக்காது, உலர்ந்த சூடு. வியர்வைக் கஷ்டம் குறையும், ஆனால் மதியம் வெளியே தலைகாட்ட முடியாது. மேல்மாடி வீட்டை வாடகைக்குப் பார்க்கிறீர்கள் என்றால், மதியம் மூன்று மணிக்குப் போய் உள்ளே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காலையில் போய்ப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

தண்ணீர்ப் பிரச்சினை இருக்கா? சென்னையில லாரிக்கு காத்திருந்தே அலுத்துப்போச்சு.

இதற்கு ஊரைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, தெருவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கோவையின் பெருமை சிறுவாணித் தண்ணீர். ருசிக்குப் பேர் போனது. அணை இருப்பது கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் எல்லாப் பகுதிக்கும் சிறுவாணி வருவதில்லை. பில்லூர்த் திட்டத்தில் பவானித் தண்ணீர் வரும் பகுதிகளும் நிறைய. குழாயில் தினமும் வரும் என்றும் நினைக்க வேண்டாம். சில நாட்களுக்கு ஒருமுறை திறந்துவிடுவார்கள், அந்த இடைவெளி பகுதிக்குப் பகுதி மாறும்.

கோவை வீடுகளில் "நல்ல தண்ணி" ஒரு குழாய், "உப்புத் தண்ணி" ஒரு குழாய் என்று தனித்தனியாக இருக்கும். உப்புத் தண்ணி என்பது போர்வெல் தண்ணீர், குளிக்கவும் துணி துவைக்கவும். வீடு பார்க்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? நல்ல தண்ணித் தொட்டி எவ்வளவு கொள்ளும், எத்தனை வீட்டுக்குப் பங்கு? போர் எத்தனை அடி? போன மே மாதம் வற்றியதா? கடைசிக் கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பாத்ரூம் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாக உப்பு பூத்து ஓட்டைகள் அடைத்திருந்தால், வாஷிங் மெஷினும் ஹீட்டரும் என்ன பாடுபடும் என்று புரிந்துவிடும்.

மதுரையில் வைகை அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. முல்லைப் பெரியாறு தண்ணீரை லோயர் கேம்ப்பிலிருந்து குழாயில் கொண்டுவரும் திட்டமும் உண்டு. என்றாலும் மாநகராட்சியோடு பின்னால் இணைந்த புறநகர்ப் பகுதிகளில் குடிக்க கேன் தண்ணீர்தான் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. மொத்தத்தில் கோவை ஒருபடி மேல். ஆனால் கோவையில் தப்பான தெருவைப் பிடித்தால் மதுரையின் நல்ல தெருவை விடக் கஷ்டப்படுவீர்கள்.

வாடகை சென்னையில பாதிதானே இருக்கும்?

எந்தச் சென்னையோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மயிலாப்பூர், அண்ணா நகரிலிருந்து வருகிறவருக்குக் கோவையும் மதுரையும் நிம்மதி. ஊரப்பாக்கம், ஆவடிப் பக்கம் இருந்துவிட்டு ஆர்.எஸ்.புரத்திலோ ரேஸ் கோர்ஸிலோ வீடு தேடினால் ஏமாற்றம்தான். மதுரை பொதுவாகக் கோவையை விட மலிவு.

சம்பளக்காரர்கள் மறந்துவிடுகிற ஒரு விஷயம் உண்டு. பழைய வருமான வரிமுறையில் இருந்தால், வீட்டு வாடகைப்படி விலக்குக்குச் சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை கணக்கு. கோவைக்கும் மதுரைக்கும் 40 சதவீதம்தான். மத்திய அரசு ஊழியராக இருந்தால் சென்னை எக்ஸ் பிரிவு, இந்த இரண்டு ஊரும் ஒய் பிரிவு. அதாவது வாடகைப்படி 30 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கும். வாடகையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு இப்படிப் போகும். கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அட்வான்ஸ் பத்து மாசம் கேட்பாங்களா?

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. "வேறு விதமாக ஒப்பந்தம்" என்ற வழி இருப்பதால் ஆளுக்கு ஆள் கேட்கும் தொகை மாறும். பேரம் பேசுங்கள், பேசினால் குறைகிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யவும் சொல்கிறது சட்டம். "அதெல்லாம் எதுக்குங்க" என்று வீட்டுக்காரர் சொன்னாலும், பத்திரம் போடாமல் குடிபோகாதீர்கள்.

மதுரையில ஒத்திக்கு வீடு கிடைக்குதாம். மொத்தமா பணம் கொடுத்தா வாடகையே இல்லையாம். நல்லதுதானே?

நல்லதாகவும் இருக்கும், தூக்கத்தைக் கெடுப்பதாகவும் இருக்கும். ஒத்தி என்றால் ஒரு பெரிய தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருந்து, கடைசியில் கொடுத்த தொகையை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்வது. கோவையில் இதையே போக்கியம், லீஸ் என்பார்கள். மதுரையில் நடுத்தரக் குடும்பங்களில் இது ரொம்பச் சகஜம். சென்னையில் வீட்டை விற்றுக் கையில் பணத்தோடு வருகிறவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும்.

சிக்கல் கடைசி நாளில். உங்கள் பணத்தை வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ செலவழித்திருப்பார். அடுத்த ஒத்திக்காரர் வந்து கொடுத்தால்தான் உங்களுக்குத் திரும்பும். அதற்குள் அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்து, அது நின்றுபோயிருந்தால் ஏல நோட்டீஸ் உங்கள் கதவில் ஒட்டப்படும். ஆகவே ஒத்தி என்றால் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அசல் பத்திரம் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். அப்புறம், பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று புரோக்கர் சொல்வார். போதாது. பதிவு செய்தால்தான் வில்லங்கத்தில் உங்கள் பெயர் ஏறும், வீட்டை வேறு ஆளுக்கு விற்றாலும் உங்கள் பணத்துக்குப் பிடி இருக்கும். பதிவுக்குச் சம்மதிக்காத வீட்டை விட்டுவிடுங்கள்.

கோவையில எந்த ஏரியா?

வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வழியை வைத்து முடிவு செய்யுங்கள். ஐடி வேலை என்றால் சத்தி ரோட்டில் சரவணம்பட்டி, கீரணத்தம், அல்லது விளாங்குறிச்சியில் டைடல் பார்க் பக்கம். அதற்குக் கணபதி, பீளமேடு, சரவணம்பட்டி சரி. கல்லூரி, ஆஸ்பத்திரி வேலைக்கும் பீளமேடு வசதி. அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு அந்தப் பக்கப் போக்குவரத்து ரொம்பவே மாறிவிட்டது.

வடவள்ளியும் கோவைப்புதூரும் எல்லாருக்கும் பிடித்துப்போகும். மலை தெரியும், காற்று நன்றாக இருக்கும், சத்தம் குறைவு. ஓய்வு பெற்றவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அந்தப் பகுதிகளைத்தான். ஆனால் அங்கே குடியிருந்துகொண்டு சரவணம்பட்டியில் வேலை என்றால் தினமும் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். சென்னை டிராஃபிக்கை விட்டு ஓடிவந்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

இன்னொன்று, கோவையில் தனியார் டவுன் பஸ்கள் நிறைய. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் அரசு சாதாரண பஸ்ஸில் மட்டும்தான். உங்கள் தெருவுக்கு வருவது எந்த பஸ் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையில?

வைகைக்கு வடக்கா, தெற்கா என்பதுதான் முதல் கேள்வி. வடக்கே அண்ணா நகர், கே.கே.நகர், மாட்டுத்தாவணி, அய்யர் பங்களா, நத்தம் ரோடு. கலெக்டர் ஆபீஸ், ஒத்தக்கடைப் பக்கம் ஐகோர்ட் கிளை, இலந்தைக்குளம் ஐடி பூங்கா எல்லாம் இந்தப் பக்கம்தான். தெற்கே எஸ்.எஸ்.காலனி, பைபாஸ் ரோடு, பழங்காநத்தம், வில்லாபுரம், திருநகர். ரயில்வே ஸ்டேஷனும் ஏர்போர்ட்டும் தெற்கே. வடபழஞ்சி ஐடி பூங்கா மேற்கே, காமராசர் பல்கலைக்கழகத்துப் பக்கம். அங்கே வேலை என்றால் காளவாசல், நாகமலைப் புதுக்கோட்டை பாருங்கள்.

சித்திரைத் திருவிழா நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பகுதிகளில் வண்டியை எடுக்கவே முடியாது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வெளியூரிலிருந்து லட்சக்கணக்கில் கூட்டம் வரும். எனக்கு அது வருடத்தின் மிகச் சிறந்த நாள். வீட்டில் டயாலிசிஸ் மாதிரி தவறவிட முடியாத சிகிச்சை எடுப்பவர் இருந்தால் மட்டும் அந்தத் தெருக்களைத் தவிர்த்து வீடு பாருங்கள்.

எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். மனைவி பி.இ. முடிச்சு ஆறு வருஷம் வேலை பார்த்தவங்க, இப்ப பிரேக்ல இருக்காங்க. எது சரி?

கோவை. ஐடியும் இருக்கிறது, ஐடி இல்லாத இன்ஜினியரிங்கும் இருக்கிறது. பம்ப், மோட்டார், கம்ப்ரசர், ஜவுளி இயந்திரம், வார்ப்படம் என்று சிறிதும் பெரிதுமாகக் கம்பெனிகள். அவற்றில் டிசைன், தரக் கட்டுப்பாடு, பர்ச்சேஸ், ஏற்றுமதி ஆவணங்கள் என்று வேலைகள் உண்டு. பொறியியல் கல்லூரிகளும் அதிகம். ஒரு வேலை போனால் அதே ஊரில் இன்னொன்று தேடலாம், அதுதான் முக்கியம். ஐம்பது கிலோமீட்டரில் திருப்பூர் வேறு இருக்கிறது.

மதுரையிலும் ஐடி நிறுவனங்கள் இருக்கின்றன. நல்ல வேலை கிடைத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அந்த வேலை போய்விட்டால் அதே சம்பளத்தில் மாற்று வேலைக்கு எண்ணிக்கை குறைவு. மருத்துவம், கல்லூரி, அரசு வேலை, சொந்தத் தொழில் என்றால் இந்தக் குறை தெரியாது. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்கா கட்டுகிறார்கள். அது நிரம்பி ஆள் எடுக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பதிலை மாற்றி எழுதுகிறேன்.

வொர்க் ஃப்ரம் ஹோமை நம்பலாம்னு சொல்றீங்களா?

முந்தைய பதிலைப் படித்துவிட்டு ஒரு தம்பி கேட்டது இது, நியாயமான கேள்வி. நம்ப வேண்டாம். "வாரம் மூணு நாள் ஆபீஸ் வாங்க" என்று நாளைக்கு மெயில் வரலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். உங்கள் கம்பெனிக்குக் கோவையில் கிளை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வேலை செய்யும் ஊர் மாறியதை எழுத்தில் வாங்குங்கள். மேனேஜர் வாயால் சொன்னது அவர் இருக்கும்வரைதான்.

நான் வக்கீல். எனக்கும் அதே பதிலா?

இல்லை. மதுரை. ஐகோர்ட் மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியதிலிருந்து தென்மாவட்ட வழக்குகள் அங்கே போகின்றன. கோவை மாவட்டம் இன்னும் சென்னை ஐகோர்ட்டின் கீழ்தான். கோவையில் குடியேறினால் மாவட்ட நீதிமன்றத்தோடு நிற்க வேண்டும், அல்லது ரயிலிலேயே வாழ வேண்டும்.

பிள்ளைங்க படிப்பு? வருஷ நடுவுல மாத்தலாமா?

மாநிலப் பாடத்திட்டம் என்றால் எந்த ஊரிலும் ஒரே புத்தகம்தான், பாடத்தில் குழப்பம் வராது. ஆனாலும் ஜூனில் மாற்றுவதுதான் பிள்ளைக்கு நல்லது, நண்பர்கள் பிடிக்க நேரம் கிடைக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ வருடத்தில் மாற்றவே மாற்றாதீர்கள். சி.பி.எஸ்.இ.-யில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் புதிதாகச் சேர வாரியத்தின் அனுமதி வேறு வேண்டும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு போய்விடுமோ என்று ஓர் அக்கா பயந்துபோய்க் கேட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியாக இருந்தால் போதும், ஊர் மாறினால் பாதிப்பில்லை. ஊர் மாறும் குழப்பத்தில் நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளியில் போட்டுவிடாதீர்கள், அப்போதுதான் போகும்.

அப்பா அம்மாவுக்கு வயசாகுது. ஆஸ்பத்திரி வசதி எங்க நல்லா இருக்கும்?

இரண்டிலும் நல்ல வசதி. எலும்பு முறிவு, விபத்துச் சிகிச்சையில் கோவைக்குத் தனிப் பெயர் உண்டு. கண் என்றால் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மதுரையில்தான் பிறந்தது, இப்போது கோவையிலும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மதுரை ராஜாஜி தென்மாவட்டங்களுக்கே பெரியது. மதுரைப் பக்கத்துத் தோப்பூர் எய்ம்ஸை நம்பி மட்டும் இன்று ஊரை முடிவு செய்ய வேண்டாம். 2019-இல் அடிக்கல் நாட்டியது, கட்டடம் இல்லாததால் அதன் மாணவர்களை 2022-இல் ராமநாதபுரத்தில் வைத்துத்தான் சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரிப் பெயரை விட, இரவு இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பாருங்கள். சென்னையில் பார்த்த டாக்டரிடம் மருந்துப் பட்டியலோடு ஒரு சுருக்கக் குறிப்பு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த மாவட்டத்திலும் செல்லும்.

மாசத்துக்கு ரெண்டு தடவை சென்னை வரணும். எது சுலபம்?

தூரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ரயிலில் 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் வந்தே பாரத் இருக்கிறது. கோவைக்கு 2023 ஏப்ரலிலிருந்து தனி ரயில், மதுரைக்கு நெல்லை, நாகர்கோவில் போகும் ரயில்கள். இரவுக்குக் கோவையிலிருந்து சேரன், நீலகிரி. மதுரையிலிருந்து பாண்டியன்.

வித்தியாசம் சென்னையில் எங்கே இறங்குகிறீர்கள் என்பதில். கோவை ரயில்கள் சென்ட்ரலுக்கு வரும். மதுரை ரயில்கள் செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக எழும்பூர். வேலை ஓ.எம்.ஆர்., தாம்பரம் பக்கம் என்றால் மதுரைக்காரர் வழியிலேயே இறங்கிவிடுவார். கோவைக்காரர் சென்ட்ரல் வரை வந்து திரும்ப ஊரைக் கடக்க வேண்டும். அம்பத்தூர், பெரம்பூர் என்றால் கோவை ரயில்தான் வசதி.

வண்டி, ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் மாத்தணுமா?

ஒரே மாநிலம் என்பதால் அலைச்சல் குறைவு. வண்டி நம்பர் மாறாது, சாலை வரி திரும்பக் கட்ட வேண்டாம். ஆர்.சி.-யில் முகவரியை மட்டும் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். ஆதாரை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதைக் கேட்கும். ரேஷன் கார்டு முகவரியை இணையத்திலேயே மாற்றலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. கரண்ட் பில் அங்கேயும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான், இலவச யூனிட் சலுகையும் அப்படியேதான்.

வீடு கேட்கப் போனா சாதி கேட்கிறாங்களாமே?

கேட்பவர்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். நேராகக் கேட்காமல் "சொந்த ஊர் எது, அங்க எந்தத் தெரு, கறி சாப்பிடுவீங்களா" என்று சுற்றிக் கேட்பார்கள். சென்னையிலும் இது உண்டு, ஆனால் அடுக்குமாடிகள் அதிகம் என்பதால் தப்பித்துவிடலாம். இது எனக்கு இன்றும் ஆத்திரம் வரவைக்கிற விஷயம். வாடகையும் நடத்தையும்தான் கேட்க வேண்டியவை.

நடைமுறையில் நான் சொல்வது இதுதான். வெளியூர் வீட்டுக்காரரின் அடுக்குமாடி வீடு, அல்லது ஐடி பூங்காக்களைச் சுற்றியுள்ள புதிய பகுதிகளில் இந்தத் தொல்லை குறைவு. முதல் வீட்டை அங்கே பிடியுங்கள். சுற்றிக் கேட்கிறவர் வீட்டில் அவர் விரும்பும் பதிலைச் சொல்லிக் குடிபோனாலும், அப்புறம் தினமும் அந்தக் கண் உங்கள் சமையலறை மேலேயே இருக்கும்.

மெட்ரோ வருதுன்னு சொல்லி சைட் விக்கிறாங்க. வாங்கலாமா?

மெட்ரோவை நம்பி வாங்காதீர்கள். கோவை, மதுரை இரண்டின் மெட்ரோத் திட்டங்களையும் மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்ற 2017 கொள்கையையும், மேலே சொன்ன 2011 கணக்கையும் காரணம் காட்டினார்கள். பின்னால் வரலாம். ஆனால் இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிறவரிடம் ஏமாறாதீர்கள்.

இடம் வாங்குவதென்றால் சென்னையின் சி.எம்.டி.ஏ. மாதிரி இங்கே டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் பாருங்கள். கோவையில் மேற்கு மலையடிவாரத்தில், தொண்டாமுத்தூர் பக்கம், மலையிடப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வரும் ஊர்கள் உண்டு. "ஹாகா அனுமதி" இருக்கிறதா என்று கேளுங்கள். யானை வரும் வழியும் அதுதான், தோட்டத்துக்குள் வந்தால் அது யானையின் குற்றம் இல்லை. மதுரையில் கண்மாயைப் பாருங்கள். கிராம வரைபடத்தில் நீங்கள் வாங்கும் சர்வே எண்ணை ஒட்டிக் கண்மாயோ வாய்க்காலோ இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.-விடம் கேட்டுவிட்டு, ஐப்பசி மழையில் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். மே மாதம் காட்டப்படும் எல்லா மனையும் மேட்டுநிலம் மாதிரிதான் தெரியும்.

என் ஊர் கோவில்பட்டி, மனைவி ஊர் ஈரோடு. ரெண்டு பக்கமும் அப்பா அம்மா தனியா இருக்காங்க. இப்ப என்ன பண்றது?

முதல் பதிலில் சொன்ன இரண்டு அளவுகோலும் இங்கே மோதுகின்றன. இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். அடுத்த ஐந்து வருடத்தில் எந்தப் பக்கத்துப் பெற்றோருக்கு அடிக்கடி ஓடவேண்டி வரும்? யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு உள்ளூரில் தம்பியோ தங்கையோ துணை இருக்கிறார்கள்? துணை இல்லாதவர்கள் பக்கம் போங்கள். மதுரையிலிருந்து கோவில்பட்டி நூறு கிலோமீட்டர், கோவையிலிருந்து ஈரோடும் நூறு. மதுரைக்கும் கோவைக்கும் இடையே இருநூறைத் தாண்டும். எங்கே இருந்தாலும் ஒரு வீடு பக்கம், இன்னொரு வீடு தூரம்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்தான் போக வேண்டும் என்ற பழக்கத்தால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஈரோட்டில் இருப்பவர்களும் வயதானவர்கள்தான்.

சென்னை ஃபிளாட்டை வித்துட்டே போயிடலாமா?

உடனே வேண்டாம். முதல் வருடம் வாடகைக்கு விட்டுவிட்டு, நீங்களும் புது ஊரில் வாடகையிலேயே இருங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்தால்தான் தண்ணீர், வெயில், பள்ளி, மனைவியின் வேலை எல்லாம் தெரியவரும். திரும்பி வர நேர்ந்தால் அதே பகுதியில் அதே விலைக்கு வாங்க முடியாது. போதாததற்கு, வாங்கும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் கையை விட்டுப் போகும்.

பிடித்துப்போய்விட்டது, விற்கத்தான் போகிறோம் என்றால் வரியைக் கவனியுங்கள். வீடு விற்ற நீண்டகால லாபத்தை விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடம் பின்போ வேறு வீடு வாங்கப் போட்டால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால், அந்த அளவுக்கு வரிவிலக்கு கிடைக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் பணம் செலவாகவில்லை என்றால், மூலதன லாபத்துக்கென்று வங்கியில் இருக்கும் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும், சாதாரண டெபாசிட்டில் போட்டால் செல்லாது. மேலே சொன்ன ஒத்திக்கு அந்தப் பணத்தைக் கொடுத்தாலும் விலக்கு கிடைக்காது, ஏனென்றால் அது வீடு வாங்கியதாக ஆகாது. விற்பதற்கு முன்னாடியே ஆடிட்டரைப் பாருங்கள்.